தீ என்று எழுதிய வாளி

தேநீருக்கு நன்றி ஐயா. ஆறிப்போய்விட்டது என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். எனக்கு ஆறினால்தான் இறங்கும். உங்கள் கோப்பையில் இன்னும் ஆவி பறக்கிறது. அதை மட்டும் அந்தக் காகிதக் கட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் நான் நிம்மதியாகப் பேசுவேன். தேநீரால் காகிதம் பற்றாது என்பது எனக்கும் தெரியும். பழக்கம், வேறொன்றுமில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். உங்களுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிற தீயணைப்பானின் முள் சிவப்பில் நிற்கிறது. காவல் நிலையம் என்பதற்காக நெருப்பு பயந்து ஒதுங்கிப் போய்விடாது. யாரிடமாவது சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

நான் குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கதவு பொருத்துகிறவன். பழமோ மீனோ மருந்தோ, உள்ளே எதை வைத்தாலும் கதவின் வேலை ஒன்றுதான்: வெளிக்காற்றை வெளியிலேயே நிறுத்துவது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தலைமுடி நுழைகிற சந்து இருந்தாலும் சரக்கு பாழ். அதற்குத்தான் ஃபோம். டப்பாவைக் குலுக்கி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் மாட்டி அழுத்தினால் நுரை வரும். வந்த நுரை உப்பும், உப்பியது இறுகும், இறுகியதைப் பெயர்க்க உளி வேண்டும். என் முதலாளி புது வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "இவர் அடைச்சா எறும்பு கூட விலாசம் கேட்டுக்கிட்டுத்தான் உள்ள போகணும்" என்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் வேலை தெரிந்த ஆள் என்பதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கதவை ஏன் திறக்க முடியவில்லை என்ற கேள்வி பிறகு வரும்.

வாளி விஷயமும் அங்கே தொடங்கியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த பழைய கிடங்கில் சுவர் ஓரமாகச் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் "தீ" என்று பெரிதாக எழுதியிருக்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே மணல். கூட வேலை பார்த்த வெல்டரிடம் ஒருநாள் கேட்டேன்.

"என்னங்க இது, தீன்னு எழுதிட்டு மணலைப் போட்டு வச்சிருக்காங்க?"

"எது தீயை அணைக்குமோ அது மேலதான் தீன்னு எழுதுவாங்க. தீ மேலயே எவனாவது தீன்னு எழுதி வைப்பானா?"

யோசித்துப் பார்த்தேன், நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து எங்கே அந்த எழுத்தைப் பார்த்தாலும், எழுத்துக்குப் பதில் சின்னதாக ஒரு தீச்சுடர் படம் போட்டிருந்தாலும், எனக்கு மனதில் ஒரு தெம்பு வந்துவிடும். கிடங்கை இடித்தபோது வாளிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். மச்சினன் வீட்டு வாசலில் நீங்கள் கைப்பற்றியது அதுதான். தூக்கும்போது அடியில் ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள், துருப்பிடித்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் விடுமுறையில் வீட்டில் இருக்கிறார்கள். எல்லா அடுப்பும் எரிகிறது. ஒரு பிளக்கில் ஒன்பது ஒயர் தொங்குகிறது. காய்ந்துபோன மரத்தைக் கூடத்தில் நிறுத்தி, அதன் மேல் சீரியல் லைட்டைச் சுற்றி, பக்கத்தில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கேக் கொடுக்கப் போகிறார்கள். டிசம்பர் பிறந்தாலே நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிவேன். எங்கள் வீட்டில் நான் அனுமதித்த ஒரே நெருப்பு அது.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மெழுகுவத்தியைத் திரையிலிருந்து தள்ளி வைத்தேன். அடுப்பு எரியும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றேன். படுக்கப் போகுமுன் பிளக்குகளைப் பிடுங்கினேன். மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். என் மனைவியும் சந்தோஷமாகவே ஒத்துழைத்தாள். அந்த வருடம் தீப்பிடிக்கவில்லை. முறை வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதை அப்படியே விட்டுவிட மனம் வருமா? அடுத்த வருடம் மெழுகுவத்தி வேண்டாம் என்றேன். அதற்கடுத்து மரம் வேண்டாம். பிறகு டிசம்பர் முழுக்க அடுப்பு வேண்டாம் என்றாகி, நவம்பர் கடைசியிலேயே சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டோம். பிறகு அந்தப் பெட்டியின் பின்பக்கம் சுடுவதைக் கவனித்து அதையும் நிறுத்தினேன். கம்பளிப் போர்வையை உதறும்போது இருட்டில் சின்னச் சின்னப் பொறி தெரியும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். போர்வையை எடுத்து வைத்தேன். காய்ந்த தலையைச் சீவினாலும் அதே பொறிதான், அதனால் சீப்பையும் எடுத்து வைத்தேன்.

மெத்தைக்குத் தண்ணீர் தெளித்ததைப் பற்றி மச்சினன் ஊரெல்லாம் பெரிதாகப் பேசிவிட்டான். நான் முழுக்க நனைத்ததில்லை. செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால், ஈரம் படுகிற அளவுக்குத்தான். தலையணைக்குக் கொஞ்சம் கூடுதல், தலை இருக்கிற இடம் அல்லவா.

என் மனைவி வாய் சாமர்த்தியம் உள்ளவள். ஒருநாள் சாயங்காலம் இருட்டில் ஆறிப்போனதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் எழுந்து போய் எதிர்வீட்டு வெளிச்சம் விழுகிற ஜன்னல் திரையையும் இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

"ஏங்க, இந்த வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டீங்க" என்றாள். "என்னைத் தவிர."

நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் பற்றி எரியவில்லையே, அணைப்பதற்கு. கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்குச் சூடு சொரணை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். சொரணை இருக்கிறது, சூடு வேண்டாம் என்றுதான் இத்தனை பாடு என்றேன். அவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலை நான் அலட்சியப்படுத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டரிடம் அழைத்துப் போனது நான்தான். காய்ந்த படுக்கையில் படுக்க வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும் என்றார் அவர். டாக்டர்கள் நெஞ்சை மட்டும் பார்க்கிறவர்கள். முழு வீட்டையும் பார்க்கிற பொறுப்பு அவர்களுக்கு இல்லை. என் மனைவிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, எனக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான். இருமலோடு ஒரு பெண் எத்தனையோ வருடம் வாழலாம். எரிந்துபோன பிறகு எப்படி வாழ்வது?

இந்த டிசம்பரில் அவள் பெட்டியை எடுத்தாள். எடுத்து வைக்கக் காய்ந்த துணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஈரத்தோடே மடித்து வைத்தாள்.

"நான் தம்பி வீட்டுக்குப் போறேன். அம்மாவும் அங்கதான் இருக்காங்க. இந்தத் தடவை நீங்களும் உங்க வாளியும் சேர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடுங்க."

எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கோபம் சூடு ஐயா. எனக்கு அது வருவதே இல்லை. எனக்கு வந்தது பயம், ஏனென்றால் அவள் போனது என் மச்சினன் வீட்டுக்கு.

அவனுடைய தொழில் உங்களுக்குத் தெரியும். விசேஷங்களுக்கு மின்விளக்கு அலங்காரம் செய்கிறவன். வாடகைக்கு எடுக்க ஆள் இல்லாத சீரியல் லைட் எல்லாம் அவன் வீட்டைச் சுற்றித்தான் ஓடும். கூடத்தில் கூரையைத் தொடுகிற அசல் மரம். வாசலில் உள்ளே பல்பு எரிகிற காகித நட்சத்திரம். மேஜையில் மெழுகுவத்தி, மலைக்குளிருக்கு மூலையில் கேஸ் ஹீட்டர். இதையெல்லாம் வைத்துக்கொண்டு அவனுக்கு இருந்த பயம் திருடன் பயம். எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி, அதற்கு வெளியே இழுத்து மூடுகிற தகர ஷட்டர். முன்வாசல், கொல்லைவாசல் இரண்டுக்கும் தடித்த இரும்புக் கதவு. அவன் என்னை "வாளி மாமா" என்று கேலி செய்வான். நான் அவன் ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் போன சில நாட்களில் நான் வாளியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. அதை வெளியிலேயே வச்சுட்டு வாங்களேன்."

"பரவாயில்லைங்க, மடியில வச்சுக்கறேன்."

உட்கார்ந்தேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு இப்படி இளைச்சு வந்து நிக்கறதைப் பார்த்தா என் வயிறு பத்தி எரியுது மாப்பிள்ளை" என்றார். என்னை அறியாமல் கை மணலுக்குள் போய்விட்டது. அது சொல்வழக்கு என்று புரிந்த பிறகுதான் வெளியே எடுத்தேன்.

மச்சினன் ஒரு சீரியல் லைட்டில் பியூஸ் போன பல்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் பொறுமையாக விளக்கினேன். தீ எரிய மூன்று வேண்டும்: சூடு, எரிகிற பொருள், காற்று. மூன்றில் எது இல்லாவிட்டாலும் தீ இல்லை. "பெருசா ஒண்ணும் வேண்டாம் மச்சான். மூணுல ஏதாவது ஒண்ணை எடுத்துடலாம். லைட்டையும் ஹீட்டரையும் மெழுகுவத்தியையும் நிறுத்தினா சூடு போயிடும்."

"அப்போ இருட்டுல உட்கார்ந்து நடுங்கணும். அதுக்கு அக்கா உங்க வீட்டுலயே இருந்திருப்பாளே."

"சரி, மரம், திரை, சோபா, இதையெல்லாம் வெளியில போட்டுட்டா எரியறதுக்குப் பொருள் இருக்காது."

"தரையில உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்க." அவன் பல்பை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னான், "காத்தை வேணா எடுத்துக்கங்க மாமா. அதுதான் ஓசி."

மாமியார் சிரித்தார். உள்ளேயிருந்து வந்த என் மனைவியும் சிரித்தாள். நீங்கள் அனுமதி, அனுமதி என்று கேட்டீர்களே, அதுதான் அனுமதி. வீட்டுக்காரன், தன் சொந்த வீட்டில், இரண்டு பேர் முன்னிலையில், தெளிவாகச் சொன்னான். என் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. அது இந்த வழக்குக்குத் தேவையில்லை, எழுத வேண்டாம்.

திரும்பும்போது வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றினேன். ஷட்டர் விளிம்பு, கதவு இடுக்கு, கழிவறையின் காற்றோட்டத் துளை, சமையலறையில் புகை தள்ளுகிற விசிறிக்கான ஓட்டை. எதிர்பார்த்ததைவிட ஒழுங்கான வீடு. சமையலறை ஜன்னலுக்கு மட்டும் ஷட்டர் இல்லை, கம்பியும் உள்பக்கம் கண்ணாடிக் கதவும்தான். அதை அளந்துகொண்டேன். தொழில் பழக்கம், ஜன்னலைப் பார்த்தால் கை டேப்பை எடுத்துவிடும். எதிர்வீட்டில் தைக்கிற அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி அளக்கறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. பாதுகாப்புக்குத்தான்."

அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு மாமியார் என்னை அழைத்திருந்தார். மரியாதை தெரிந்த பெண்மணி, அவரைப் பற்றி நான் குறையே சொல்ல மாட்டேன். வேலை வண்டியிலேயே போனேன். மேஜையில் மெழுகுவத்திகள் வரிசையாக எரிந்தன. கடைசி மெழுகுவத்திக்கும் காகிதப் பூவுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையவில்லை, வைத்துப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, நான் சாப்பாடு முழுக்க அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்ணெய் விடாமல்.

சாப்பாட்டுக்கு நடுவில் மச்சினன், "மாமாவை நாங்க எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்றான். பிறகு, "அவர் எங்களுக்குத் தெளிக்கறதுக்கு முன்னாடியே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

சாப்பிட்டு முடிந்ததும் என் மனைவி சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்றேன். காய்ந்த புடவை கட்டியிருந்தாள். இருமல் குறைந்திருந்தது.

"வீட்டுக்கு வா" என்றேன்.

"வரலைங்க."

"பண்டிகை முடிஞ்சதும்?"

"முடிஞ்சாலும் வரலை." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வந்த பிறகுதான் நான் மூச்சே விடறேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வீட்டில் காற்று அதிகம்.

சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். குளிர் என்று ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். மாமியார் சாய்வு நாற்காலியில், மச்சினன் சோபாவில், என் மனைவி உள் அறையில். மெழுகுவத்திகளை ஒருவரும் அணைக்கவில்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எரிகிற மெழுகுவத்தியை விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஏன் நீயே ஊதி அணைத்திருக்கக் கூடாது என்று கேட்டீர்கள். கேட்க எளிது. அடுத்தவர் வீட்டு மேஜையில், அவர்கள் ஆசையாக ஏற்றி வைத்ததை, கேட்காமல் கொள்ளாமல் ஊதுவது என்ன மரியாதை? அதுவும் அவன் காற்றைத்தானே எடுத்துக்கொள்ளச் சொன்னான். நான் அவன் சொன்ன எல்லையைத் தாண்டவில்லை.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்து வண்டியைத் திறந்தேன். டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சின்னதாகத் தீச்சுடர் படம், அதன் கீழே பொடி எழுத்தில் ஏதேதோ. படத்தைப் பார்த்ததும் எனக்கு வழக்கமான தெம்பு வந்தது. என் வாளியில் எழுதியிருப்பதைத்தான் இவர்கள் படமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும். முதலில் காற்றோட்டத் துளைகள், பிறகு விசிறி ஓட்டை, பிறகு ஷட்டர்களின் நான்கு விளிம்பும், கடைசியில் இரண்டு கதவுகள். நுரையை ஒரே சீராக விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் மூட்டு விழும், அங்கேதான் காற்று ஒழுகும். கதவுச் சட்டத்தில் இரண்டு முறை ஓட்டினேன். சொந்தக்காரர்கள் வீடு என்று ஏனோதானோவென்று செய்யவில்லை.

முடித்ததும் வாசலில் வாளியை வைத்துக்கொண்டு, ஏதாவது நேர்ந்தால் ஆள் வேண்டுமே என்று உட்கார்ந்தேன். மதியம் மெல்லச் சாய்ந்தது. எவ்வளவு அமைதியான மதியம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் உள்ளே கதவை யாரோ இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் கைப்பேசி அடித்தது. அவள்தான்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான்."

"கதவு எதுவுமே திறக்கலைங்க. தம்பியை எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறான். அம்மாவும் அப்படியே கிடக்கறாங்க. எனக்கு நிக்க முடியலை, தலை சுத்துது."

"மேஜை மேல மெழுகுவத்தி என்ன ஆச்சு, பாரு."

"என்னது?"

"மெழுகுவத்தி. எரியுதா?"

அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"எல்லாம் அணைஞ்சிருக்குங்க."

"எல்லாமே?"

"எல்லாமே."

என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது ஐயா. ஒரு டிசம்பர் முழுக்கச் சுமந்த பாரம். அவளிடம், "அப்போ பயமில்லை. ஓடியாடாம அமைதியாப் படு" என்றேன். அவள் வேறு ஏதோ சொன்னாள். தொடர்பு சரியில்லை என்று நினைக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தது அதற்குக் கொஞ்சம் பிறகு. வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. எனக்கு அவர்களைப் பார்த்ததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. என் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் இந்த ஊரில் அவர்கள்தானே. அவர்களுடைய அதிகாரி ஒரு பார்வையில் கதவைப் பார்த்துவிட்டு, இரும்பு வெட்டுகிற மெஷினை எடுக்கச் சொன்னார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அதை எடுக்காதீங்க, பொறி பறக்கும். கிறிஸ்துமஸும் அதுவுமா."

"யாருய்யா நீ? தள்ளு."

தள்ளினார்கள். வெட்டினார்கள். பொறி பறந்தது. நுரை பற்றிக்கொண்டது. கதவுச் சட்டம் முழுக்க ஓடி, ஷட்டர் விளிம்பு விளிம்பாகத் தாவி, நான் எங்கெங்கே போனேனோ அங்கெல்லாம் அதே வரிசையில் அதுவும் போனது. நான் மூட்டு விழாமல் ஓட்டியிருந்ததால் அதற்கு எங்கேயும் தடையில்லை. எரிகிற வீட்டை அன்றுதான் ஐயா என் வாழ்க்கையில் முதல் முறையாக நேரில் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததே இல்லை. என் முறைகள் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கின்றன. பார்க்கக் கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது.

அணைத்து முடித்த பிறகு அந்த அதிகாரி என் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்திக்கற சரக்குய்யா இது. மேல தீ படம் போட்டிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்துத்தாங்க வாங்கினேன்" என்றேன். வாளியைக் காட்டி, "இதுலயும்தான் தீன்னு போட்டிருக்கு" என்றேன். அவர் நடைபாதையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டார். அவரும் களைத்திருந்தார்.

அப்போதாவது ஏன் மணலைப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். மணலைக் கொட்டிவிட்டால் வாளி காலியாகிவிடுமே. காலி வாளியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது பொறுப்பில்லாத செயல்.

ஆக, தீ வைத்தது யார் என்று எழுதுவது உங்கள் மனசாட்சி. நான் யாரையும் மாட்டிவிட விரும்பவில்லை. உடல்களைப் பார்த்த டாக்டர் சொன்னதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். மச்சினனும் மாமியாரும் தீப்பிடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இரண்டு பேர் உடம்பிலும் ஒரு கொப்புளம் கிடையாது என்று அவரே சொன்னார். தீ விபத்தில் என் குடும்பத்தில் ஒருவரும் சாகவில்லை. அதை அப்படியே எழுதினால் போதும்.

என் மனைவி விரல்களில் இருக்கிற சிராய்ப்பைப் பற்றி இன்னும் நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், ஒளிக்க எதுவுமில்லை. நான் கதவுகளை முடித்துவிட்டு உட்கார்ந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அப்போது சமையலறை ஜன்னல் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கான பலகையை அளவு பார்த்து முதல் நாளே அறுத்து வண்டியில் வைத்திருந்தேன். போனில் அவள் பேச்சுக்கு நடுவே தட்டு விழுகிற சத்தம் கேட்டது. அவள் சமையலறைக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தது. வீட்டின் பக்கவாட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் திறந்து, கம்பிக்கு வெளியே கை நீட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைக் கம்பியில் அழுத்தி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா" என்றாள். அவ்வளவு ஆசையாக அவள் என்னை அழைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கையை உள்ள எடும்மா, அடிபட்டுடும்" என்றேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். கை முழுக்க உள்ளே போய்விட்டதா என்று ஒருமுறை நன்றாகப் பார்த்த பிறகுதான் பலகையை வைத்தேன். எதிர்வீட்டு அம்மா பார்த்தது அதைத்தான்.

அவளைச் சமையலறைத் தரையிலிருந்துதான் தூக்கினார்களாம். இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள். திறந்துவிடுவாள். என் மேல் அவளுக்குக் கோபமில்லை, நான் அவள் முகத்தைப் பார்த்தவன்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான் ஐயா. இங்கே கொண்டு வரும் வழியில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்க்க விட்டீர்கள் அல்லவா, அப்போது கவனித்தேன். வராந்தாவில் மரம் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் சீரியல் லைட் ஓடுகிறது. அவள் கட்டில் தலைமாட்டில் பெரிய சிலிண்டர் ஒன்று நிற்கிறது, அதிலிருந்து குழாய் வழியாக அவள் மூக்குக்குள் சுத்தமான ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றில் ஒன்றைக் கொண்டு போய் என் மனைவியின் முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நர்ஸிடம் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். உங்களுக்கு நேரமில்லை என்றால் என்னைக் கொஞ்ச நேரம் அங்கே கூட்டிப்போங்கள், கைவிலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன். அந்தச் சிலிண்டரின் திருகை ஒரு கையாலேயே மூடிவிடலாம்.